'நல்லா பார்த்துக்கிறாங்க' மட்டும் போதுமா? முதியோர் ரீஹேப் மையத்தை எடைபோடுவது எப்படி?

"ஆபத்து தாண்டிட்டாங்க. நாளைக்கு டிஸ்சார்ஜ். ஆனா, ரெண்டு மூணு மாசம் பிசியோதெரபி கட்டாயம் வேணும். வீட்ல பார்த்துக்க ஆள் இருக்காங்களா?"

ஸ்ட்ரோக் வந்த அப்பாவுக்கோ, வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பாட்டிக்கோ சிகிச்சை முடிந்ததும் டாக்டர் கேட்கிற கேள்வி இது. பல வீடுகளில் இதற்குப் பதில் இல்லை. மகனுக்கு பெங்களூரில் வேலை. மகளுக்குக் கைக்குழந்தை. வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. உடனே போனை எடுத்துத் தேட ஆரம்பிக்கிறோம். தமிழில் 'மறுவாழ்வு மையம்' என்று அடித்தால் குடிநோய் மையங்கள் வரிசைகட்டி நிற்கும். 'எல்டர் கேர்', 'ரீஹேப்' என்று அடித்தால் 4.7 ஸ்டார், 4.8 ஸ்டார், பச்சைப் புல்வெளி, சிரிக்கிற தாத்தா போட்டோ.

போன் வாங்க ஒரு மாதம் ரிவ்யூ பார்க்கிற நாம், இந்த முடிவை ஒரே ராத்திரியில் எடுக்க வேண்டியிருக்கிறது. இந்த நெருக்கடி இனிமேல் கூடத்தான் செய்யும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவிகிதம். 2021-ல் இது 13.6 சதவிகிதம், 2031-ல் 18.2 சதவிகிதம் என்பது மத்திய அரசின் கணிப்பு. கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். தேவை இருக்கும் இடத்தில் தொழில் வளரும், தப்பில்லை. ஆனால், அந்தத் தொழிலின் தரத்தை யார் அளக்கிறார்கள்?

ஸ்டார் கொடுப்பது யார்?

இங்கிலாந்தில் 'கேர் குவாலிட்டி கமிஷன்' என்ற அமைப்பு முதியோர் இல்லங்களை ஆய்வு செய்து 'மிகச் சிறப்பு', 'நன்று', 'மேம்பாடு தேவை', 'போதாது' என நான்கில் ஒரு மதிப்பீடு கொடுக்கிறது. அந்த மதிப்பீட்டை இல்லத்திலும் இணையதளத்திலும் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது 2015 முதல் சட்டம்.

அமெரிக்காவில் 2008 முதல் அரசே முதியோர் பராமரிப்பு மையங்களுக்கு 1 முதல் 5 ஸ்டார் வரை கொடுக்கிறது. ஆய்வு முடிவு, ஊழியர் எண்ணிக்கை, நோயாளிகளின் உடல்நிலைக் குறியீடுகள் ஆகிய மூன்றும் சேர்ந்த கணக்கு அது. அதிலும் ஒரு சிக்கல் வந்தது. 'எங்களிடம் இத்தனை நர்ஸ்கள்' என்று மையங்கள் தாங்களே சொன்ன எண்ணிக்கையை நம்பித்தான் முதலில் ஸ்டார் கொடுத்தார்கள். விமர்சனம் எழுந்ததும் 2018-ல் சம்பளப் பட்டியலை அடிப்படையாக எடுத்தார்கள். 2022-ல் சனி, ஞாயிறுகளில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், எத்தனை பேர் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பதும் கணக்கில் சேர்ந்தது.

கட்டடத்தையோ தோட்டத்தையோ அவர்கள் அளக்கவில்லை. ஊழியர்களைத்தான் மறுபடி மறுபடி எண்ணினார்கள். தேட வேண்டியது எங்கே என்பதற்கு நமக்கு இதுவே நல்ல துப்பு.

கூகுள் ஸ்டார் அப்படியானது இல்லை. அதைப் போடுவது பெரும்பாலும் பில் கட்டும் பிள்ளைகள். படுக்கையில் இருப்பவர் ரிவ்யூ எழுதுவதில்லை.

இரண்டு துறைகளுக்கு நடுவே

நம்மூரில் முதியோர் இல்லம் என்றால் சமூக நலத்துறை. 2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் அந்தப் பக்கம். மருத்துவம் பார்க்கும் இடம் என்றால் சுகாதாரத் துறை. 1997-ம் ஆண்டின் தனியார் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இந்தப் பக்கம். தங்க இடம், சாப்பாடு, நர்ஸ், பிசியோதெரபி எல்லாம் ஒரே கூரையின் கீழ் தரும் ரீஹேப் மையம் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. போர்டில் 'ஹாஸ்பிட்டல் தரம்' என்று இருக்கும், பதிவைக் கேட்டால் டிரஸ்ட் பத்திரம் வரும்.

பராமரிப்பு இல்லங்களுக்குக் கட்டாயப் பதிவு, குறைந்தபட்சத் தரம் என்றெல்லாம் சொன்ன திருத்த மசோதா ஒன்று 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. அது நிறைவேறாமலேயே, 2024-ல் அந்த மக்களவையின் காலம் முடிந்தபோது காலாவதியாகிவிட்டது. ஆகவே, போனதும் முதல் கேள்வி: "எந்தச் சட்டத்தின்கீழ் பதிவு பண்ணியிருக்கீங்க? சான்றிதழைப் பார்க்கலாமா?" நேர்மையான இடம் இதற்குக் கோபப்படாது.

பணிவிடை வேறு, பயிற்சி வேறு

இந்த விஷயத்தில் நம்மில் பலர் ஏமாறும் இடம் இதுதான். மையத்துக்குப் போகிறோம். ஒரு பெண் அம்மாவுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிவிடுகிறார். தலை வாரிவிடுகிறார். இரண்டு பேர் பிடித்துத் தூக்கி வீல்சேரில் உட்கார வைக்கிறார்கள். நமக்குக் கண் கலங்கிவிடும். "நல்லா பார்த்துக்கிறாங்க" என்று அக்காவுக்கு மெசேஜ் போட்டுவிட்டுக் கிளம்புகிறோம்.

அம்மாவுக்குக் கை அசைக்க முடியும் என்றால், அந்த ஊட்டல் அவருக்குக் கெடுதல். ஸ்பூனைத் தானே பிடித்து, பாதியைச் சட்டையில் சிந்தி, அரை மணி நேரம் எடுத்துச் சாப்பிடுவதுதான் அவருக்கு வைத்தியம். அந்த அரை மணி நேரமும் ஓர் ஊழியர் பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஊட்டிவிட்டால் பத்தே நிமிடம். அன்பு மாதிரி தெரிவது பல நேரங்களில் ஆள் பற்றாக்குறை.

படுக்க வைப்பதும் அப்படித்தான். 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. நோயே இல்லாதவர்களுக்கே இந்தக் கதி. ஸ்ட்ரோக்கில் இழந்த இயக்கத்தின் பெரும்பகுதி திரும்புவது முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில்தான். அந்த மாதங்களைச் சுத்தமான பெட்ஷீட்டில் படுத்தே கழித்துவிட்டால், பிறகு எவ்வளவு பணம் கட்டினாலும் அது திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

எனவே "எப்படிப் பார்த்துக்குவீங்க?" என்று கேட்காதீங்க. "என்னென்ன இவங்களே செய்யற மாதிரி ஆக்குவீங்க, எத்தனை வாரத்துல?" என்று கேளுங்க. இதை அளக்க 1965 முதல் புழக்கத்தில் இருக்கும் எளிமையான கருவி பார்த்தெல் இண்டெக்ஸ். சாப்பிடுவது, குளிப்பது, உடை மாற்றுவது, கழிவறைக்குப் போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, படி ஏறுவது என பத்து அன்றாடச் செயல்கள், மொத்தம் 100 மார்க். சேரும் நாளில் எத்தனை மார்க், இரண்டு வாரம் கழித்து எத்தனை? இப்படி ஏதாவது ஓர் அளவுகோல் கையில் இல்லாத இடத்தை ரீஹேப் என்று சொல்ல முடியாது. அது தங்கும் விடுதி.

ராத்திரி 2 மணிக்கு எத்தனை கைகள்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 கட்டில் உள்ள மையம். இரவில் இரண்டு பேர் டியூட்டி. பத்து பேர் தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்கள். படுக்கைப்புண் வராமலிருக்க, இவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது திருப்பிப் போடுவது வழக்கமான நடைமுறை. ஒருவரை டயப்பர் பார்த்து, தோல் பார்த்து, இரண்டு பேர் சேர்ந்து திருப்பப் பத்து நிமிடம் என்று வைத்தால் பத்து பேருக்கு 100 நிமிடம். ஒவ்வொரு 120 நிமிடத்திலும் 100 நிமிடம் இதற்கே போய்விடும். அதற்கு நடுவில் ஒருவர் பெல் அடித்தால்? இன்னொருவர் தனியாக எழுந்து பாத்ரூம் போக முயன்றால்?

இந்தக் கணக்கு இடிக்கும் இடத்தில்தான் குறுக்குவழிகள் தொடங்கும். நடக்க முடிந்தவருக்கும் டயப்பர். தூங்குவதற்கு மாத்திரை. டியூபைப் பிடுங்கக் கூடாதென்று கையைக் கட்டுவது. கட்டில் கம்பியைத் தூக்கிவிட்டு, 'விழாம இருக்கத்தான் சார்' என்பது. எல்லாம் கெட்ட மனதால் நடப்பதில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், குறைந்த சம்பளம், அதே கட்டடத்தில் தூக்கம் என்று வேலை பார்க்கும் ஒரு பெண்ணால் அவ்வளவுதான் முடியும். உங்கள் அப்பாவின் பராமரிப்பும் அவருடைய வேலை நிலைமையும் வேறு வேறு அல்ல. "உங்க ஸ்டாஃப் சராசரியா எவ்வளவு நாள் இங்க வேலை செய்யறாங்க?" என்று கேட்பது அதனால்தான் முக்கியம்.

இன்னொன்று: யூனிஃபார்ம் போட்டவர்கள் எல்லோரும் நர்ஸ் இல்லை. மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த நர்ஸ் எத்தனை பேர், உதவியாளர் எத்தனை பேர் என்று பிரித்துக் கேளுங்க. பிசியோதெரபிஸ்ட் முழுநேரமா, இல்லை வாரம் இரண்டு நாள் வந்து போகிறவரா என்பதையும்.

போகும்போது இதையெல்லாம் பாருங்க

- முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒருமுறை போங்க. வார நாள் காலை டூரில் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும்.
- காலை 11 மணிக்கு எத்தனை பேர் கட்டிலில், எத்தனை பேர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள்? பாதிப் பேருக்கு மேல் தூக்கத்தில் இருந்தால் காரணம் கேளுங்க.
- கண்ணாடி, காது மெஷின், பல் செட் எல்லாம் அவரவர் முகத்தில் இருக்கிறதா, மேஜை டிராயரில் இருக்கிறதா? அவை இல்லாமல் ஒரு மனிதர் 'குழம்பிப்போனவர்' மாதிரிதான் தெரிவார்.
- தண்ணீர் டம்ளரும் பெல்லும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றனவா? அனுமதி கேட்டு ஒருமுறை பெல்லை அழுத்தி, போனில் நேரம் பாருங்க.
- மூத்திர வாடை மட்டுமல்ல, மூக்கைத் துளைக்கிற பினாயில் வாடையும் ஒரு தகவல்தான்.
- மாத எடை, விழுந்த சம்பவங்கள், படுக்கைப்புண் பற்றிய பதிவேடு இருக்கிறதா? 'எங்க இடத்துல யாருமே விழுந்ததில்ல' என்றால் சந்தேகப்படுங்க. நடக்க வைக்கிற இடத்தில் எப்போதாவது ஒருவர் விழத்தான் செய்வார்.
- ஸ்ட்ரோக் நோயாளி என்றால், விழுங்கும் திறனைச் சோதித்த பிறகுதான் வாய்வழி சாப்பாடா என்று கேளுங்க. புரையேறி நுரையீரலுக்குப் போகும் உணவு நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.
- ராத்திரியில் நிலைமை மோசமானால் எந்த மருத்துவமனை, யார் கூடப் போவார், எத்தனை நிமிடம்?

'ஆப்ல லைவ் சிசிடிவி பார்க்கலாம்' என்பது இப்போதைய பெரிய விளம்பரம். உடை மாற்றுவதையும் சேர்த்துக் காட்டும் கேமரா அப்பாவுக்குச் சம்மதமா என்பதை முதலில் அவரிடம் கேட்க வேண்டும். போனில் அவர் படுத்திருப்பது தெரியும், குணமாவது தெரியாது. அதைவிட உபயோகமானது வாரம் ஒரு வீடியோ: அதே நாற்காலி, அதே கோணம், அவர் எழுந்து நான்கு அடி நடப்பது. நான்கு வார வீடியோக்களை அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் எந்த ரிவ்யூவும் தேவைப்படாது.

பணம்: எது உள்ளே, எது வெளியே?

மாதக் கட்டணம் என்று ஒரு தொகை சொல்வார்கள். டயப்பர், பிசியோ அமர்வுகள், மாத்திரை, டாக்டர் விசிட், ஆம்புலன்ஸ் எல்லாம் அதில் அடக்கமா என்று எழுதி வாங்குங்க. அட்வான்ஸ் திரும்ப வருமா, பாதி மாதத்தில் அழைத்துப் போனால் கணக்கு எப்படி என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

இன்ஷூரன்ஸை நம்பி இறங்காதீங்க. ஓய்வு, மறுவாழ்வு, பராமரிப்புக்காகத் தங்குவது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த நிலையான விலக்குகளில் ஒன்று. பெரும்பாலான பாலிசிகளில் அது இருக்கிறது. 2024 அக்டோபரில் 70 வயதைக் கடந்தவர்களுக்கு விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டமும் மருத்துவமனைச் சிகிச்சைக்கானதுதான்.

பணம் கட்டும் முன் இலவச வழிகளையும் பார்த்துவிடுங்க. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பிசியோதெரபியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். சென்னை கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரி முதல் இயங்குகிறது. புகார், ஆலோசனை எதுவானாலும் முதியோர் உதவி எண் 14567.

யாரைக் கேட்டீங்க?

"பெத்தவங்களைக் கொண்டுபோய் விட்டுட்டாங்க" என்ற பேச்சு வரத்தான் செய்யும். மூன்றாவது மாடியில், ராத்திரி பகலாக ஒற்றை மருமகள் பார்த்துக்கொள்ளும் வீட்டைவிட, சரியான ஆட்கள் உள்ள மையம் அந்த மூன்று மாதத்துக்கு நல்ல இடமாக இருக்கலாம். பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்வதை விட, நாம் முடிவெடுக்கும் முறையைச் சரிசெய்வது முக்கியம். குற்றவுணர்ச்சியில் இருப்பவர்கள் கேள்வி கேட்பதில்லை. ஏசி ரூமுக்கு அதிகப் பணம் கட்டி மனதை ஆற்றிக்கொள்கிறார்கள்.

சேர்க்கும் நாளிலேயே ஒரு தேதி குறியுங்க, இரண்டு வாரம் கழித்து. அன்று மையத்தின் பிசியோதெரபிஸ்ட், நர்ஸ், வீட்டு ஆள் எல்லோரும் உட்கார்ந்து மார்க்கைப் பார்க்கட்டும். ஏறியிருக்கிறதா, அடுத்த இலக்கு என்ன, வீட்டுக்கு எப்போது? அந்தக் கூட்டத்தில் அப்பாவுக்கும் ஒரு நாற்காலி போடுங்க. 'இங்க உங்களுக்கு எப்படி இருக்கு?' என்று ஊழியர்கள் இல்லாத நேரத்தில் தனியாகவும் கேளுங்க. வார்த்தை குழறினாலும், பதில் வரும்வரை காத்திருந்து கேளுங்க.