மால்குடிக்கு மெட்டுப் போட்டவர்

போன வாரம் ஆபீஸ் கேண்டீன்ல சக ஊழியர் ஒருத்தரோட மொபைல் அடிச்சது. ரிங்டோன், மால்குடி டேஸ் டைட்டில் மியூசிக். டேபிள்ல கன்னடம், தெலுங்கு, இந்தின்னு எல்லா ஊர்க்காரங்களும் உண்டு. ஒருத்தர் விடாம கூடவே முனக ஆரம்பிச்சுட்டாங்க. "இது யாரு மியூசிக்?"னு கேட்டேன். ஒருத்தர் இளையராஜா என்றார். இன்னொருத்தர் வயலின் எல்.சுப்ரமணியம் என்றார். சிரிக்காதீங்க மக்கா, ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் நானும் ராஜான்னுதான் அடிச்சு சொல்லிட்டு இருந்தேன்.

எல்.வைத்தியநாதன். சுப்ரமணியத்துக்கும் எல்.சங்கருக்கும் அண்ணன். ராஜா மாதிரியே இவரும் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர். ஆக, அந்த ரெண்டு தப்பான பதிலுமே இவர் வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனவைதான். 2007ல் காலமானார்.

நம்ம ஊர்ல இசையமைப்பாளரை அளக்க ஒரே ஒரு ஸ்கேல்தான் இருக்கு. எத்தனை ஹிட் பாட்டு? அந்த ஸ்கேலை வெச்சா இவருக்கு ஏழாவது மனிதனோட (1982) நிறுத்திடுவோம். அதுலயும் பாட்டு எழுதினது பாரதி, பாடினது யேசுதாஸ்னு பாராட்டு அங்கேயே பங்கு பிரிஞ்சு போயிடும். மெட்டுப் போட்டவருக்கு மிச்சம் என்ன?

என்னைக் கேட்டா இவரை பேசும் படத்தை (1987) வெச்சுதான் பேசணும். சிங்கீதம் சீனிவாச ராவ் படம். வசனம் கிடையாது, பாட்டும் கிடையாது. வேற யாராவதா இருந்தா "ஆஹா, பேச்சே இல்ல, ரெண்டு மணி நேரமும் நம்ம ராஜ்யம்"னு வயலினை அள்ளித் தெளிச்சிருப்பாங்க. இவர் அடக்கி வாசிச்சிருக்கார். நட்சத்திர ஓட்டல் மெத்தையில கமலுக்குத் தூக்கம் வராது. பழைய ரூம் பக்கத்துல இருந்த சினிமா தியேட்டர் சத்தத்தைப் போய் டேப்புல பதிவு பண்ணிட்டு வந்து, அதைப் போட்டுக் கேட்டாத்தான் தூங்குவார். அங்க காமெடியே அந்த இரைச்சல்தான். எங்க வாசிக்கணும்னு தெரியறதை விட எங்க கையைக் கட்டிட்டு இருக்கணும்னு தெரியறது பெரிய வித்தை. ஆனா அதுக்கு ஹிட் லிஸ்ட்ல இடம் கிடையாதே!

மால்குடியும் அப்படித்தான். எழுதினவர் ஆங்கிலத்துல எழுதின ஆர்.கே.நாராயண், இயக்கினது கன்னடத்து சங்கர் நாக், தூர்தர்ஷன்ல வந்தது இந்தியில (1986). இவர் போட்டது வார்த்தையே இல்லாத ஒரு ஹம்மிங். அதனாலதான் எங்க கேண்டீன்ல அத்தனை பேருக்கும் அது அவங்கவங்க ஊர்ப் பாட்டு.

சிறந்த படத்துக்கான தேசிய விருதைத் தமிழுக்கு முதல்முதலா வாங்கித் தந்த மறுபக்கத்துக்கும் இவர்தான் இசை. விருது கதை நமக்கெல்லாம் தெரியும். இசை யாருன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

ஞாயித்துக்கிழமை வீட்ல பேசும் படத்தை ஓடவிட்டு, டிவிக்கு முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்து வெறுமனே கேட்டுப் பார்த்தேன். அம்மா எட்டிப் பார்த்துட்டு, "ஏன்டா, வசனமும் இல்லாத படத்தைப் பார்க்காம வேற உட்கார்ந்திருக்க?"ன்னாங்க :-)

பி.கு: கேண்டீன் நண்பர் மொபைல்ல அந்த ரிங்டோனோட பேரு இன்னமும் "மால்குடி - இளையராஜா"தான். மாத்தச் சொல்லி ரெண்டு தடவை சொல்லியாச்சு.