எழுதி முடிந்தது என்று கணினி சொன்ன பிறகு

திருவனந்தபுரம் வலியசாலையைப் பழைய காந்தளூர்ச் சாலை இருந்த இடமாக ஆய்வாளர் பலர் கொள்வர். அச்சாலையின் பெருமைக்குச் சான்று வேறிடத்துச் செப்பேடு ஒன்று: ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் பார்த்திவசேகரபுரத்தில் 95 சட்டர்களுக்குச் சாலை அமைத்தபோது காந்தளூரையே முன்மாதிரியாகக் கொண்டான் என்று அது கூறுகிறது. செப்பேட்டை இன்றும் படிக்க முடிகிறது. அதே வலியசாலையில் இருபது ஆண்டுகளுக்கு முன் வீட்டுக் கணினியில் எழுதிய குறுந்தகடு இன்று திறக்குமா என்றால், போட்டுப் பார்க்காமல் எவரும் உறுதி கூற இயலாது. கள ஒலிப்பதிவுகளும் சுவடிப் படங்களும் அத்தகைய தகடுகளில்தான் முடங்கிக் கிடக்கின்றன.

தகடு எழுதும்போது மாணவர்கள் அஞ்சியது திரையில் தோன்றும் பிழைச்செய்திகளுக்கு. முதலாவது, பஃபர் அண்டர்ரன். ஒற்றை வேகத்திலேயே நொடிக்கு 150 கிலோபைட் வேண்டும். வன்தட்டு தரத் தவறினால் லேசர் அறுந்து தகடு வீணாகும். 2000இல் சான்யோ கொண்டுவந்த பர்ன்-புரூஃப் நுட்பமும் அதைப் பின்பற்றி வந்தவையும் இத்தொல்லையைப் பெரிதும் தீர்த்தன. இரண்டாவது, பவர் காலிபரேஷன் எரர். எழுதுமுன் கருவி தகட்டின் உள்விளிம்பில் லேசரின் வலிமையைச் சோதிக்கும். லென்ஸில் தூசு, முதுமையடைந்த லேசர், மட்டமான தகடு ஆகியவற்றுள் எதுவும் காரணமாகலாம். வேகத்தைக் குறைப்பதும் வேறு நிறுவனத்தின் தகட்டுக்கு மாறுவதும் பெரும்பாலும் கைகொடுக்கும். திடீரென எழுதுவதே ஆமைவேகமானால் விண்டோஸ் எக்ஸ்பியைச் சந்தேகிக்கலாம். பிழைகள் திரும்பத்திரும்ப நேர்ந்தால் அது தானாகவே டிஎம்ஏ முறையை விட்டுப் பிஐஓவுக்கு இறங்கிவிடும்.

இவையெல்லாம் நல்ல பிழைகள். தம்மைத் தாமே காட்டிக்கொடுப்பவை. இழப்பு ஒரு தகட்டின் விலை மட்டுமே.

தீய பிழை, வெற்றி என்ற செய்தியோடு வெளிவருவது. தகட்டில் உள்ள பிழைதிருத்தக் குறியீடு, அரைகுறையாகப் பதிந்த இடங்களையும் ஓரளவு வரை ஈடுசெய்துவிடும். ஆகவே எழுதிய கருவியில் எல்லாம் சரியாகவே திறக்கும். பின்னர்ச் சாயம் மங்கும். கடற்கரை ஊரின் ஈரம் மேற்பூச்சின் விரிசல் வழியே உலோகப்படலத்தை அரிக்கும். (குறுந்தகட்டில் அப்படலம் பெயர் எழுதும் பக்கத்துக்குச் சற்றே கீழே உள்ளது, பந்துமுனைப் பேனாவால் தலைப்பெழுதுவோர் இதை நினைப்பதில்லை.) ஈடுசெய்யும் எல்லை கடந்ததும் கோப்பு திறக்காது. 'சரிபார்' என்ற கட்டத்தை டிக் செய்திருந்தால் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருக்கும். அதனாலேயே பலர் அதை நீக்கினர்.

இதில் மாணவரைவிட நிறுவனங்களே பொறுப்பு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆய்வேட்டின் மின்படியையும் கேட்டன. ஆய்வேட்டின் பின்னட்டை உறையில் தகடு இருக்கிறதா என்று பார்ப்பது அலுவலக வழக்கமாயிற்று. அது வாசிக்கப்படுகிறதா என்பது வேறு கேள்வி. அதைக் கேட்பதற்கு ஒரு பதிவேட்டுப் பத்திகூட ஒதுக்கப்படவில்லை என்றே தோன்றுகிறது.

தகடு வாசிக்கும் கருவி இல்லாத மடிக்கணினிகளே இப்போது விற்பனையில் மிகுதி. எனவே துறைகள் இந்தக் கல்வியாண்டிலேயே உறைகளைத் திறக்க வேண்டும். மங்கிய தகட்டை மெருகேற்றும் முயற்சி வேண்டாம். டிடிரெஸ்க்யூ போன்ற இலவச மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவைத்துவிட்டு, கெட்டவற்றுக்குப் பிறகு திரும்பிவரும். ஒரு கருவி கைவிட்ட பகுதியை மற்றொன்று வாசிப்பதும் உண்டு. இரண்டு மூன்று கருவிகளில் முயன்று, கிடைத்தவற்றை ஒரே படியாகச் சேர்க்கலாம்.