கரை எங்கே போய்ச் சேரும்?



சென்ற இதழில் வந்த மலையேற்றக் கட்டுரையைப் படித்துவிட்டு லாஸ்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். பாராட்டு இரண்டு வரி, மிச்சமெல்லாம் சண்டை. நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் ஆசைப்படுகிறவர்களையெல்லாம் நீலகிரிக்கும் தேனிக்கும் பஸ் ஏற்றி அனுப்புகிறீர்களே, புதுச்சேரிக்காரர்களுக்குக் கடற்கரைச் சாலையை விட்டால் வேறு கதியே இல்லையா என்று கேட்கிறார். முட்டி வலிக்கு டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறாராம். அந்த ஒன்றரைக் கிலோமீட்டரில் போய்த் திரும்பி, போய்த் திரும்பி, காந்தி சிலைக்கே தன்னைப் பார்த்துச் சலித்திருக்கும் என்கிறார்.

நியாயமான சண்டை. மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகளை நிறுத்தி, நடப்பவர்களுக்கென்றே ஒரு சாலையை விட்டுக்கொடுப்பது எத்தனை ஊரில் நடக்கிறது? அந்தப் பெருமை நமக்கு இருக்கட்டும். ஆனால் அதையே காட்டிக்காட்டி மற்ற பாதைகளை மறந்துபோனோம்.

பக்கத்து மாநிலத்தைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது. 2018 மார்ச் மாதம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அதன்பிறகே மலையேற்றத்துக்கு ஒழுங்கான விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் நாற்பது பாதைகளை அறிவித்தது. எளியது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். ஆன்லைனில் பதிவு செய்து பணம் கட்டினால், அந்தந்த மலையைச் சேர்ந்த வழிகாட்டி கூட வருவார். காட்டுத்தீ பயமுள்ள மாதங்களில் பாதையை மூடிவிடுகிறார்கள். திட்டத்தில் குறை சொல்ல இடமிருக்கலாம். கட்டணம் அதிகம் என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. ஆனாலும் எந்தப் பாதை, எத்தனை கிலோமீட்டர், எப்போது திறந்திருக்கும் என்று தேடுகிறவருக்கு ஒரே இடத்தில் பதில் கிடைக்கிறது.

நமக்கு மலை என்று சொல்லிக்கொள்ள கோரிமேடுதான் உண்டு. மூச்சு வாங்க ஏறி முடித்தால் எதிரே ஜிப்மர் வாசல், ஒருவகையில் வசதிதான்.

மலை இல்லையே தவிர, பாதைக்குப் பஞ்சமில்லை. நம்மூர்ப் பாதைகளை நடக்கிறவர்களுக்கென்று யாரும் போடவில்லை, அவ்வளவுதான். கோட்டை போட்டுவிட்டுப் போனது ஒன்று, தண்ணீர் போட்டது பல, சாமி போட்டதும் உண்டு.

கோட்டைக்கு வெகுதூரம் போக வேண்டாம். 1761-இல் ஆங்கிலேயர் இந்த ஊரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பழைய மதில் ஓடிய தடத்தில் பிற்காலத்தில் அகலமான சாலைகள் வந்தன. சர்தார் பட்டேல் சாலை, அண்ணா சாலை, சுப்பையா சாலை, கடற்கரை என்று நீள்வட்டமாக ஒரு சுற்று வந்தால் அந்த மதிலைச் சுற்றி வந்த கணக்கு. ‘புல்வார்’ என்று நாம் சொல்வது இதைத்தான். விடியற்காலை ஐந்து மணிக்கு நடக்கலாம். எட்டு மணிக்கு மேல் நடைபாதையில் பைக்கும் கடைப் பலகையும்தான் நடக்கும், நாம் ரோட்டில் இறங்கிவிட வேண்டும்.

தண்ணீர் போட்ட பாதைதான் எனக்குப் பிடித்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாரதி பூங்காவின் நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே ஆயி மண்டபம், அங்கே வந்த தண்ணீர் முத்தரையர்பாளையத்து ஊற்றிலிருந்து வந்தது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் ஊருக்குள் கொண்டுவந்தார்கள். தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டியதாகச் சொல்லப்படும் ஆயி என்ற தாசியின் பெயர் அதற்கு நிலைத்தது. தெற்கே போனால் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்கால். அதற்கும் பங்காரு, சிங்காரி என்று இரண்டு தாசிகளின் கதையை அந்தப் பக்கம் சொல்வார்கள். ஊருக்கு நல்ல தண்ணீர் தந்த புண்ணியத்தை ராஜாக்களுக்குக் கொடுக்காமல் தாசிகளுக்குக் கொடுத்த ஊர் நம்முடையது. இதை யாராவது ஆராய்ந்து எழுதினால் இந்த இதழில் இடம் உண்டு.

பங்காரு வாய்க்கால் தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிகிறது. அங்கிருந்து பாகூர் ஏரி வரைக்கும் வாய்க்கால் கரை கூடவே வருகிறது. ஏரிக்கு வந்துவிட்டால் பெரிய கரை. மேலே டிராக்டர் டயர் பதிந்த இரண்டு தடம், நடுவில் புல். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சரிவில் பனை, அதற்கும் கீழே நெல் வயல். மதகுக்கு மதகு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். மதகு திருகும் இரும்புத் தண்டில் கருப்பாகக் கிரீஸ் அப்பியிருக்கும். அதன்மேல் சைக்கிளைச் சாய்த்தால் சட்டை போச்சு. லாரி டியூபைக் காற்றடைத்து அதில் மிதந்துகொண்டே வலை விரிக்கிறவர்களைக் காலையில் பார்க்கலாம். ‘அண்ணே, இந்தக் கரை எங்க போய் விடும்?’ என்று கேட்டால் போதும். கையிலிருக்கும் வேப்பங்குச்சியாலேயே திசை காட்டி, எந்தக் கலிங்கில் தண்ணீர் வழிகிறது, எங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும், எந்த வளைவில் நாய் உண்டு என்பதுவரை சொல்லிவிடுவார்கள். செல்போன் வரைபடத்தில் இந்தக் கரை பல இடங்களில் கோடாகக்கூட இல்லை.

இந்தக் கரைகளில் சீமைக்கருவேல முள் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. சைக்கிளில் போகிறவர்கள் பஞ்சர் ஒட்டும் சாமானும் பம்பும் இல்லாமல் போகாதீர்கள்.

அலுப்புத் தீர பாகூர் மூலநாதர் கோயில் பிரகாரத்தில் உட்காரலாம். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் நிறைந்த கோயில். நிருபதுங்கவர்ம பல்லவன் ஒன்பதாம் நூற்றாண்டில் இவ்வூர்க் கல்விச்சாலைக்குக் கிராமங்களைக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடும் பாகூர்ச் செப்பேடு என்றே வழங்குகிறது. அவ்வளவு பழைய ஊருக்கு நாம் பஸ் ஜன்னல் வழியாகத்தான் போய்வருகிறோம்.

ஊசுடு ஏரி இன்னும் பெரிது; சுமார் எண்ணூறு ஹெக்டேர். சங்கராபரணியிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. 2008-இல் நம் அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஏரியின் ஒரு பகுதி தமிழ்நாட்டில் இருக்கிறது, அதை அவர்கள் தனியாகச் சரணாலயமாக அறிவித்தார்கள். கூழைக்கடாவுக்கும் நத்தைகுத்தி நாரைக்கும் இந்தச் சங்கடமெல்லாம் தெரியாது. கார்த்திகையிலிருந்து மாசி வரை கரையோரம் நடந்தால் பைனாகுலர் இல்லாமலே நிறையப் பார்க்கலாம். பேச்சுச் சத்தம் மட்டும் குறைவாக இருக்கட்டும். சரணாலயத்துக்குள் இறங்க வனத்துறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏரி இரண்டாகக் கிடப்பதைச் சொன்னேன் அல்லவா, மாநிலமே அப்படித்தான். மாநிலம் முழுக்கச் சுற்ற ஒரு பாதை வேண்டும் என்று மற்ற ஊர்க்காரர்கள் கேட்டால் அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சமாச்சாரம். புதுச்சேரிப் பகுதி மொத்தமே 293 சதுர கிலோமீட்டர். அதுவும் ஒரே துண்டாக இல்லை. முத்தியால்பேட்டையிலிருந்து காலாப்பட்டுக்கு மிதித்தால் நடுவே கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டைத் தொட்டுவிட்டு மறுபடி புதுச்சேரிக்குள் வருவோம். எல்லையைத் தெரிந்துகொள்ளப் பலகை வேண்டாம். பெட்ரோல் பங்கிலும் மதுக்கடையிலும் நிற்கும் வண்டிகளின் எண்ணைப் பார்த்தாலே புரியும். நவாபுகளிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கிராமம் கிராமமாக வாங்கியதன் மிச்சம் இது. ஆட்சி செய்வதற்கு இது பெரிய தலைவலி. சைக்கிள்காரருக்கோ காலைச் சாப்பாட்டுக்குள் நாலைந்து தடவை மாநிலம் தாண்டும் சுகம் வேறெங்கும் கிடைக்காது.

அப்படி எல்லையோரமாகப் போகிறவர்கள் வில்லியனூர் தாண்டிக் கீழூருக்கு ஒருமுறை போங்கள். 1954 அக்டோபர் 18-ஆம் தேதி மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர், வேண்டாமென்று எட்டுப் பேர். சட்டப்படி இணைந்த நாளான ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஆண்டுதோறும் அதிகாரிகளின் கார்கள் வரிசையாக வந்து திரும்பும். மற்ற நாட்களில் நினைவுத்தூணும் வயல்காற்றும் மட்டும்தான்.

சாமி போட்ட பாதையைச் சொல்லாமல் விட்டால் என் வீட்டிலேயே சோறு கிடைக்காது. மாசி மகத்துக்கு மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் இன்னும் பல ஊர்ச் சாமிகளும் வைத்திக்குப்பம் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார்கள். வழிநெடுக மண்டகப்படி, மோர், பானகம், சுண்டல். ஆவணியில் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடக்கிறவர்கள் நம் ஊர் வழியாகத்தான் தெற்கே போகிறார்கள். திருவண்ணாமலை கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர். தமிழர்கள் அதிகம் நடந்த பாதை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். எங்கே நிழல், எங்கே தண்ணீர், எங்கே உட்காரலாம் என்று கால்நடையாய்ப் போனவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தீர்மானித்த வழிகள் இவை. திருவிழா இல்லாத நாளில் அதே வழியில் நடந்தால் சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

மலைதான் ஏறவேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்குச் செஞ்சி இருக்கிறது. 1750-இல் அந்தக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பிடித்துக்கொடுத்தவர் புஸ்ஸி. லால் பகதூர் சாஸ்திரி பெயரைப் பலகையில் வைத்துக்கொண்டு இன்னும் ‘புஸ்ஸி வீதி’ என்றே ஆட்டோக்காரரிடம் சொல்கிறோமே, அந்தப் புஸ்ஸிதான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சியும் சேர்ந்தது. ராஜகிரி ஏறுவதென்றால் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் பாறை கொதிக்கும், குரங்கு பையைப் பிடுங்கும்.

நடையும் சைக்கிளும் போதாது, குதிரை வேண்டும் என்கிற இளைய வாசகர்களுக்கு: ஆரோவில்லில் குதிரையேற்றப் பள்ளி நடக்கிறது, முறையாகக் கற்கலாம். 1968-இல் மொட்டைச் செம்மண் மேடாக இருந்த இடத்தைக் காடாக்கியவர்கள் ஆரோவில்காரர்கள். உள்ளே சைக்கிள் பாதைகளும் உண்டு. மரத்துக்கும் சாலைக்கும் நடுவே அங்கே நடந்த வழக்குகளும் உண்டு. அந்தப் பஞ்சாயத்துக்கு இந்தப் பக்கம் போதாது.

பிரெஞ்சுக்காரர்கள் நமக்கு எத்தனையோ விட்டுப்போனார்கள். போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி, தெருமுனையில் நீலப் பலகை, பேக்கரியில் நீள ரொட்டி. நாம் இன்னும் வாங்கிக்கொள்ளாத ஒன்று அவர்கள் ஊரில் இருக்கிறது. 1947-லிருந்து அங்கே நெடுநடைப் பாதைகளை அடையாளப்படுத்தி வருகிறார்கள். மரத்திலோ பாறையிலோ மேலே ஒரு வெள்ளைப் பட்டை, கீழே ஒரு சிவப்புப் பட்டை இருந்தால் நேரே போகலாம். இரண்டு பட்டையும் பெருக்கல் குறிபோல் வெட்டிக்கொண்டிருந்தால் தப்பான வழி, திரும்பு. எல்லா வகையும் சேர்ந்து ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் அடையாளமிட்ட பாதைகள். பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள் பெயிண்ட் டப்பாவும் பிரஷுமாகப் போய் வருஷா வருஷம் புதுப்பிக்கிறார்கள். கட்டுமானம் இல்லை, கான்டிராக்ட் இல்லை, திறப்பு விழாக் கல்வெட்டு இல்லை. அதனால்தானோ என்னவோ நம் பக்கம் இது வரவில்லை.

அரசு செய்யட்டும், கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை நாமே ஒரு வேலை செய்யலாம் என்று நினைக்கிறேன். உங்கள் ஊரில் நீங்கள் நடக்கிற, மிதிக்கிற பாதை ஒன்றை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அழகான வர்ணனை வேண்டாம். நோட்டுத்தாளில் கையால் கோடு போட்ட படம் போதும். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த பஸ்ஸில் இறங்க வேண்டும், டீக்கடை எத்தனை மணிக்குத் திறக்கும், நிழல் எந்தப் பக்கம், தனியாகப் போகிற பெண்களுக்கு எந்த நேரம் சரி, மழைக்காலத்தில் எந்தத் துண்டு சேறாகும் என்பதையெல்லாம் எழுதுங்கள். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது வந்த வெள்ளம் பல கரைகளைக் கரைத்துவிட்டது. ஆகவே புயலுக்குப் பிறகு நீங்கள் நேரில் போன பாதையாக இருக்கட்டும். பட்டா நிலத்துக்குள் போகும் வழியானால் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள். நாளைக்கு அவர் வேலி போட்டுவிட்டால் பாதை எல்லோருக்கும் போய்விடும். காரைக்கால், மாஹே, ஏனாம் வாசகர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வந்தவற்றில் எங்களால் முடிந்ததை நேரில் போய்ப் பார்த்து, சரியாக இருப்பதைப் பொங்கல் இதழோடு தனித்தாளாக, மடித்துச் சட்டைப்பையில் வைக்கிற அளவில் அச்சிட்டுத் தருவதாக இருக்கிறோம். லாஸ்பேட்டை அம்மாவுக்கு முதல் பிரதி. முட்டி வலிக்காரர்களுக்கு ஏற்ற சமதளப் பாதைகளை அதில் தனியாகக் குறிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்