ஆட்டிசம் உள்ளவரே குழந்தைகளுக்குக் கதை எழுதினால் என்ன மாறும்? ஓர் அலசல்

ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ சத்தம் அதிகமான பிரஸ் ஷாப்புக்குள் போக வேண்டுமென்றால் காதில் இயர் பிளக் மாட்ட வேண்டும். யாரும் அதைத் தப்பாகப் பார்ப்பதில்லை. சேஃப்டி ரூல், அவ்வளவுதான். அங்கே வேலை பார்க்கும் ஒருவரின் குழந்தை, ஸ்கூல் பெல் அடிக்கும்போது காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்தால்? "அடம் பிடிக்குது", "செல்லம் ஜாஸ்தி" என்று பேச்சு வரும்.

அந்த பெல் சத்தம் அந்தக் குழந்தைக்கு உள்ளே எப்படிக் கேட்கிறது என்பதை யார் சொல்வது? டாக்டர் சொல்லியிருக்கிறார், டீச்சர் சொல்லியிருக்கிறார், அம்மா அப்பா சொல்லியிருக்கிறார்கள். கடந்த சில வருடங்களாக, அப்படி ஒரு குழந்தையாக வளர்ந்தவர்களே சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அதுவும் குழந்தைகளுக்கான கதைப் புத்தகங்களில். இதனால் என்ன மாறியிருக்கிறது, தமிழில் நாம் எங்கே நிற்கிறோம்? பார்க்கலாம்.

முதலில், ஆட்டிசம் என்றால் என்ன?

அது நோய் அல்ல. மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே இருக்கும் ஒரு வேறுபாடு. பழகும் விதம், பேச்சு, ஒலி, ஒளி, தொடுதலை உணரும் விதம், ஒரே விஷயத்தில் ஆழமாக மூழ்கும் ஆர்வம் என்று பல வகையில் வெளிப்படும். ஒருவருக்கு இருப்பதுபோல இன்னொருவருக்கு இருக்காது. அதனால்தான் 'ஸ்பெக்ட்ரம்' என்கிறார்கள். சிலர் வாய் திறந்து பேசவே மாட்டார்கள். சிலர் உங்கள் டீமிலேயே டெட்லைன் தவறாமல் வேலை முடித்துக்கொண்டிருப்பார்கள்.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2025-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, அங்கே கண்காணிக்கப்பட்ட பகுதிகளில் 8 வயதுக் குழந்தைகளில் 31-ல் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கிறது. இந்தியாவில் 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று.

இங்கே ஒரு வார்த்தையைக் கவனிக்க வேண்டும். தமிழில் அரசு அறிவிப்புகளில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். 'மதி இறுக்கம்' என்றும் சொல்வதுண்டு. ஆனால் ஆட்டிசம் உள்ள பலர் எழுதுவதைப் படித்தால் கதை தலைகீழாக இருக்கிறது. டியூப் லைட்டின் ரீங்காரம், சட்டை லேபிளின் உரசல், பக்கத்து பெஞ்சின் டிபன் பாக்ஸ் வாசனை என வெளி உலகம் அளவுக்கு மீறி உள்ளே வருகிறது என்பதுதான் அவர்கள் சொல்வது. நாம் வைத்த பெயர், வெளியே நின்று பார்த்து வைத்த பெயர்.

யார் யார் எழுதுகிறார்கள்?

அதிகம் பேசப்பட்டவர் ஸ்காட்லாந்தின் எல் மெக்நிகோல். ஆட்டிசம் உள்ளவர். இவருடைய முதல் நாவல் 'எ கைண்ட் ஆஃப் ஸ்பார்க்' 2020-ல் வந்தது. 11 வயது ஆடி, ஆட்டிசம் உள்ள சிறுமி. தன் ஊரில் ஒரு காலத்தில் 'சூனியக்காரிகள்' என்று சொல்லிப் பெண்களைக் கொன்றார்கள் என்று தெரிந்துகொள்கிறாள். மற்றவர்களிடமிருந்து கொஞ்சம் வித்தியாசமாக இருந்ததுதானே அவர்கள் செய்த தப்பு என்று அவளுக்குப் படுகிறது. அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று ஊரையே எதிர்த்து நிற்கிறாள்.

கதையில் ஆடியின் ஆட்டிசம் தீர்க்க வேண்டிய பிரச்சினையே இல்லை. பிரச்சினை, ஊரின் மறதியும் ஒரு டீச்சரின் கொடுமையும்தான். 2021-ல் பிரிட்டனின் ப்ளூ பீட்டர் விருதையும் வாட்டர்ஸ்டோன்ஸ் குழந்தைகள் புத்தகப் பரிசையும் இந்நாவல் வென்றது. 2023-ல் பிபிசியின் குழந்தைகள் சேனலில் தொடராகவும் வந்தது.

அமெரிக்காவில் சாலி ஜே. ப்ளா. இவருக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததே பெரியவரான பிறகுதான். 2017-ல் வந்த 'தி சம்டே பேர்ட்ஸ்' நாவலின் நாயகன் சார்லிக்குப் பறவைகள் என்றால் உயிர். காயம்பட்டு ஆஸ்பத்திரியில் இருக்கும் அப்பாவைப் பார்க்க நாட்டின் குறுக்கே ஒரு நீண்ட பயணம். வழியில் பறவைகளின் பட்டியல் ஒன்றை டிக் அடித்துக்கொண்டே போகிறான். இவருடைய இன்னொரு நாவலுக்கு, மாற்றுத்திறன் அனுபவத்தைச் சொல்லும் புத்தகங்களுக்கான ஷ்னைடர் விருது 2024-ல் கிடைத்தது.

டிஃபனி ஹேமண்ட், ஆட்டிசம் உள்ள அம்மா. இரண்டு மகன்களும் ஆட்டிசம் உள்ளவர்கள். 2023-ல் வந்த 'எ டே வித் நோ வேர்ட்ஸ்' என்ற படக்கதையில், வாயால் பேசாத ஒரு பையனும் அவன் அம்மாவும் டேப்லெட் மூலம் பேசிக்கொண்டே ஒரு முழு நாளைக் கழிக்கிறார்கள். சோகமே இல்லை. சாதாரணமான ஒரு நாள். அந்த 'சாதாரணம்'தான் புதுசு.

இவர்களுக்கெல்லாம் முன்பே, 2002-ல், பிரிட்டனைச் சேர்ந்த 13 வயது லூக் ஜாக்சன் தன்னைப் போன்ற டீன் ஏஜ் பிள்ளைகளுக்காக ஒரு கையேடே எழுதியிருக்கிறான்.

வெளியிலிருந்து எழுதினால் என்ன குறை?

குறை என்று சொல்ல முடியாது. ஆனால் கேமரா எங்கே இருக்கிறது என்பது முக்கியம். 2013-ல் வந்த 'ஹரிதாஸ்' படம் ஞாபகம் இருக்கா? ஆட்டிசம் உள்ள மகன், போலீஸ் அப்பா. தமிழில் இந்த விஷயத்தை இவ்வளவு அன்போடு பேசிய படம் அபூர்வம். ஆனாலும் நாம் அழுதது அப்பாவுக்காகத்தான். படத்தின் கண், அப்பாவின் கண்.

பெரும்பாலான ஆட்டிசம் கதைகள் இப்படித்தான். தங்கை பொறுமை கற்றுக்கொள்வாள், வகுப்பு அன்பு கற்றுக்கொள்ளும், அம்மா மனம் தேறுவாள். நடுவில் இருக்கும் குழந்தை எல்லோருக்கும் பாடம் நடத்தும் கருவியாக மட்டும் இருக்கும். அதே குழந்தை அந்தப் புத்தகத்தைப் படித்தால் என்ன புரிந்துகொள்ளும்? "நான் மற்றவர்களுக்கு ஒரு கஷ்டம். என்னைச் சகித்துக்கொள்பவர்கள் நல்லவர்கள்." ஏழெட்டு வயதில் ஒரு குழந்தை இப்படி நம்பத் தொடங்கினால், அது புத்தகத்தோடு முடிவதில்லை.

ஆராய்ச்சியும் இதையொட்டி நகர்ந்திருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிரிட்டிஷ் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்கிறோமே, மற்றவர்களுக்கு மட்டும் அவர்களைப் புரிகிறதா? இடைவெளி இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார்.

கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் 2020-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலு சேர்த்தது. ஒருவர் அடுத்தவருக்குக் கதை சொல்ல, அவர் அதற்கு அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். நாம் சின்ன வயதில் காதோடு காதாகச் சொல்லி விளையாடுவோமே, அதே மாதிரி. ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையும், இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசையும் கதையை ஏறக்குறைய ஒரே அளவு சரியாகக் கடத்தின. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் விவரங்கள் அதிகம் தொலைந்தன. அப்படியானால் புத்தகம் என்பது இந்தக் கலந்த வரிசையில் கதை தொலையாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு வழி.

அப்போ, மற்றவர்கள் எழுதவே கூடாதா?

இங்கேதான் விவாதம் சூடாகிறது. ஆட்டிசம் உள்ள டச்சு எழுத்தாளர் கொரின் டைவிஸ் 2015-ல் ட்விட்டரில் 'ஓன் வாய்ஸஸ்' என்ற ஹேஷ்டேகைத் தொடங்கினார். கதாபாத்திரத்தின் அடையாளத்தை எழுதியவரும் பகிர்ந்துகொள்ளும் புத்தகங்களைப் பரிந்துரைக்க ஒரு வழி, அவ்வளவுதான் நோக்கம்.

சீக்கிரமே அது விற்பனை முத்திரையாக மாறிவிட்டது. எழுதியவர் உண்மையிலேயே அந்தப் பிரிவைச் சேர்ந்தவரா என்று துருவித் துருவிக் கேட்கவும் தொடங்கினார்கள். தன் நிலையை வெளியே சொல்ல விரும்பாதவர்களும் சொல்ல வேண்டிய கட்டாயம். 2021-ல் 'வீ நீட் டைவர்ஸ் புக்ஸ்' என்ற அமைப்பு இந்தச் சொல்லைக் கைவிட்டது.

நம்ம ஊருக்கு இது இன்னும் பொருந்தும். வேலை, கல்யாணம், வாடகை வீடு என்று எல்லாவற்றிலும் "ஏதாவது பிராப்ளமா?" என்று கேட்கும் சமூகத்தில், 'எனக்கு ஆட்டிசம்' என்று அட்டையில் போட்டுக்கொள்வது சின்ன விஷயம் இல்லை. அந்தத் துணிச்சலை நாம் கேட்டு வாங்கக் கூடாது. அப்படிச் சொல்பவருக்கு நஷ்டம் வராத சூழலை உருவாக்குவதுதான் நம் வேலை.

பேசாதவர் எழுதினால், அது அவர் எழுத்துதானா?

நேர்மையாகப் பேச வேண்டிய இடம் இது. இந்தியாவில் பிறந்த டிட்டோ ராஜரிஷி முகோபாத்யாய் பெரிதாகப் பேசாதவர். மைசூரு, பெங்களூருவில் வளர்ந்தவர். சிறுவயதில் எழுதியவை 2000-ல் பிரிட்டனில் 'பியாண்ட் தி சைலன்ஸ்' என்ற புத்தகமாக வந்து உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தன. ஜப்பானின் நவோகி ஹிகாஷிடா 13 வயதில் எழுதிய 'தி ரீசன் ஐ ஜம்ப்' 2007-ல் வந்தது. 2013-ல் ஆங்கிலத்தில் வந்த பிறகு உலகப் புகழ் பெற்றது.

இரண்டையும் சுற்றிக் கேள்விகள் உண்டு. டிட்டோவின் அம்மா சோமா உருவாக்கிய முறையில், உதவியாளர் எழுத்துப் பலகையைப் பிடித்திருக்க, குழந்தை எழுத்துகளைச் சுட்டிக்காட்டும். உதவியாளரின் அசைவே பதிலை வழிநடத்தலாம் என்பது விமர்சனம். அமெரிக்கப் பேச்சு மொழி வல்லுநர்கள் சங்கம் 2018-ல் இந்த முறையை எதிர்த்து நிலைப்பாடு எடுத்தது. ஆதரவாளர்களோ, பேசாதவர்களுக்கு அறிவே இல்லை என்ற பழைய எண்ணத்துக்கே இது திரும்பப் போகிறது என்கிறார்கள்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்கலாம். பேச்சு வராததால் சிந்தனை இல்லை என்று ஆகாது. அதேசமயம், ஒரு குழந்தையின் பெயரில் வரும் சொற்கள் அந்தக் குழந்தையுடையதாகவே இருக்க வேண்டும் என்று கேட்பதும் அந்தக் குழந்தைக்கான மரியாதைதான். குழந்தை தானே தொட்டுப் பேசும் கருவிகளுக்கு இதனால்தான் மதிப்பு அதிகம். படங்களைத் தொட்டால் குரலாக மாறும் 'ஆவாஸ்' அப்படி ஒரு கருவி. உருவானது நம்ம சென்னையில். அதை உருவாக்கிய அஜித் நாராயணன், 2011-ல் எம்.ஐ.டி.யின் இளம் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் இடம்பிடித்தார்.

தமிழில் நிலைமை என்ன?

தமிழில் இதுவரை ஓங்கி ஒலித்தது பெற்றோரின் குரல். அதில் முக்கியமானவர் யெஸ்.பாலபாரதி. ஆட்டிசம் உள்ள மகனின் அப்பா. 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' என்ற அறிமுக நூலையும், ஆட்டிசம் உள்ள சிறுவனை மையமாக வைத்து 'துலக்கம்' நாவலையும் எழுதியவர். சிறார் எழுத்தாளராகவும் அறியப்பட்டவர். 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-ம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமியின் பால புரஸ்கார் பெற்றது. அவருடைய மனைவி லக்ஷ்மி பாலகிருஷ்ணனின் 'எழுதாப் பயணம்' ஒரு அம்மாவின் பார்வை.

படக்கதைகளிலும் நல்ல முயற்சிகள் உண்டு. சென்னையின் தூலிகா பதிப்பகத்தின் 'கேட்ச் தட் கேட்' கதையில், சக்கர நாற்காலியில் வரும் டிப் டிப் காணாமல் போன பூனையைத் தேடிக் கிளம்புகிறாள். பரிதாபம் கிடையாது, சேட்டைதான்.

இந்தப் பெற்றோரும் பதிப்பாளர்களும் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அடுத்து அதன் வழியாக வர வேண்டியவர், சிறு வயதில் காதைப் பொத்திக்கொண்ட அந்தக் குழந்தையாகவே இருந்தவர். ஆங்கிலத்தில் ஆடி கிடைத்துவிட்டாள். சுங்குவார்சத்திரத்தில் அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு பெண் குழந்தைக்கு ஆடியின் ஸ்காட்லாந்து தூரம்தான். அவளுக்கு அவள் மொழியில், அவள் தெருவில் நடக்கும் கதை வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

ஷிஃப்ட் வேலைக்கு நடுவில் குழந்தை வளர்ப்பவர்களுக்கு நேரம் குறைவு. அதனால் சுருக்கமாக:

• ஆட்டிசம் பற்றிய குழந்தைகள் புத்தகம் வாங்கும்முன் மூன்று கேள்வி கேளுங்கள். கதையை யார் கண்ணால் பார்க்கிறோம்? யாருடைய பிரச்சினை தீர்கிறது? அந்தக் குழந்தைக்கு ஆட்டிசம் தவிர வேறு ஆசை, சேட்டை, கோபம் இருக்கிறதா?

• ஆட்டிசம் இல்லாத குழந்தைக்கும் இந்தப் புத்தகங்களைக் கொடுங்கள். வகுப்பில் பக்கத்தில் உட்காரப் போவது அவர்கள்தான்.

• குழந்தை வரைவது, ஒரே விஷயத்தைப் பட்டியல் போடுவது, டேப்லெட்டில் படம் அடுக்குவது எல்லாமே கதை சொல்லல்தான். 'ஒழுங்கா எழுது' என்று திருத்தும்முன் தேதி போட்டு எடுத்து வையுங்கள்.

• பள்ளிக் கல்வித் துறை மாணவர்களுக்காக 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களைக் கொண்டுவந்தது. இப்படி மாணவர் படைப்புகளுக்கு இடம் தரும் இதழ்களில் இந்தக் குழந்தைகளின் பக்கமும் வர வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்கலாம்.

• வளர்ச்சி பற்றிச் சந்தேகம் இருந்தால் புத்தகமோ ரீல்ஸோ பதில் தராது. குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் மத்திய அரசின் பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

இன்று ஒன்றாம் வகுப்பில் இருக்கும் குழந்தை இன்னும் இருபது வருடத்தில் தமிழில் ஒரு நாவல் எழுதலாம். அதைப் பிரசுரிக்க ஒரு பதிப்பகமும், சங்கடம் இல்லாமல் வாங்கிப் படிக்க வாசகர்களும் அதற்குள் தயாராகிவிட வேண்டும்.