கலெக்டருக்கு 75 போதும், கிளார்க்குக்கு?

ஐ.ஏ.எஸ். ஆகிறவருக்கு எவ்வளவு இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும்? மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் எழுதியே வைத்திருக்கிறது: பத்தாம் வகுப்புத் தரம். முதன்மைத் தேர்வில் ஆங்கிலத் தாளுக்கு 300 மதிப்பெண். அதில் 25 விழுக்காடு, அதாவது 75 வாங்கினால் தேறியாச்சு. அந்த 75-உம் தரவரிசையில் சேராது. கான்வென்ட்டில் படித்து 250 வாங்கினவரும், சேரிப் பள்ளிக்கூடத்தில் படித்து 76 வாங்கினவரும் அந்தத் தாளைப் பொறுத்தவரை ஒன்றுதான். மற்ற தாள்களைத் தமிழில் எழுதலாம், நேர்காணலில் தமிழில் பேசலாம். (முதல்நிலை வினாத்தாள் இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. அது தனி வழக்கு.) 2013 மார்ச்சில் 100 மதிப்பெண் ஆங்கிலத்தைத் தரவரிசையில் சேர்க்கப் பார்த்தார்கள். நாடெங்கும் எதிர்ப்பு, நாடாளுமன்றத்தில் கூச்சல். அதே மாதம் வாபஸ்.

இப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு வங்கிக் கவுண்டருக்குள் உட்கார ஆசைப்படுகிற பிள்ளையைப் பாருங்கள். ஐ.பி.பி.எஸ். நடத்தும் கிளார்க் தேர்வு. முதல்நிலையில் ஆங்கிலம் 30 கேள்வி, 20 நிமிடம். ஒரு கேள்விக்கு 40 வினாடி, பத்தியைப் படிக்கிற நேரமும் அதற்குள்தான். 20 நிமிடம் முடிந்தால் கதவு சாத்தியாச்சு, திரும்ப வர முடியாது. தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் வெட்டு. மற்ற இரண்டு பகுதியில் எவ்வளவு எடுத்தாலும் ஆங்கிலத்தில் தனியாகக் கட்ஆஃப் தாண்ட வேண்டும். அந்தக் கட்ஆஃப் எவ்வளவு என்று தேர்வு முடிந்த பிறகுதான் சொல்வார்கள். தாண்டிவிட்டால் முதன்மைத் தேர்வில் மறுபடி ஆங்கிலம், 35 நிமிடத்தில் 40 கேள்வி, 40 மதிப்பெண். 200-இல் இந்த 40 வேலையைத் தீர்மானிக்கிற கணக்கில் சேருகிறது. கிளார்க்குக்கு நேர்காணலும் கிடையாது, அரை மார்க்கில் ஆள் விழுவான்.

ஆக, மாவட்டத்தையே ஆள்கிறவர் ஆங்கிலத்தில் தேறினால் போதும், ஆயிரம் ரூபாய் எண்ணிக் கொடுக்கிறவர் ஆங்கிலத்தில் போட்டி போட வேண்டும். இது எந்த ஊர் நியாயம்?

சாயங்காலங்களில் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளோடு உட்காருகிறேன். கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள சேரிகளிலிருந்து வருகிறவர்கள், வெள்ளிமலை, சேராப்பட்டுப் பக்கமிருந்து இறங்கிவந்து தங்கிப் படிக்கிற மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள். கல்வராயன் மலையில் ஜாகீர்தார் ஆட்சி ஒழிந்ததே 1976-இல்தான். ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் உழைத்தவர்களின் பேரப் பிள்ளைகள் இவர்கள். உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, பட்டமும் வாங்கி வந்திருக்கிறார்கள். இவர்களுக்கு இலக்கணம் தெரியாது என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். ரென் அண்ட் மார்ட்டினைக் கரைத்துக் குடித்திருக்கிறார்கள். ‘ஒன் ஆஃப் த பாய்ஸ்’ என்று வாக்கியம் வந்தால் பின்னால் ‘ஹேஸ்’ஸா ‘ஹேவ்’வா? எழுவாய் எது, ஒருமையா பன்மையா, எந்த விதி என்று யோசித்துச் சரியாகவே சொல்வார்கள். ஆனால் அதற்குள் 40 வினாடி ஓடிப்போய்விடும். வீட்டில் இங்கிலீஷ் கேட்டு வளர்ந்தவனுக்கு விதியே வேண்டாம். “காதுக்கு இடிக்குது” என்று அஞ்சு வினாடியில் தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவான். இருவருக்கும் தெரிந்தது ஒன்றேதான். கடிகாரம் அளப்பது மொழியறிவை அல்ல, எந்த வீட்டில் பிறந்தாய் என்பதை. கால் மார்க் வெட்டு அதற்கும் மேலே. முதல் தலைமுறையாகப் பரீட்சை எழுதுகிற பிள்ளை தெரிந்ததையும் பயத்தில் விட்டுவிட்டு வருகிறது.

எதைத் தப்பாகப் போட்டோம் என்று பார்த்துத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. ஐ.பி.பி.எஸ். வினாத்தாளையும் வெளியிடாது, விடைக்குறிப்பையும் வெளியிடாது. பல ஷிப்டில் தேர்வு நடத்தி, அவர்களே ஒரு கணக்குப் போட்டுச் சமன்செய்த மதிப்பெண்ணைத் தருவார்கள். தேர்வாணையம்கூட விடைக்குறிப்பைப் போடுகிறது.

சரி, கவுண்டரில் இந்த இங்கிலீஷ் எதற்கு ஆகிறது? உரிமைத் தொகை வந்துவிட்டதா என்று கேட்கும் அம்மாவிடம், கடன் தவணை கேட்கும் மரவள்ளி விவசாயியிடம் நான் பேசுவது தமிழ். சுற்றறிக்கையும் கம்ப்யூட்டர் திரையும் இங்கிலீஷில்தான் வருகின்றன, உண்மை. அதில் திரும்பத் திரும்ப வருவது சில நூறு சொற்கள். ஆறு மாதத்தில் எவரும் பழகிவிடலாம். எந்தச் சுற்றறிக்கையும் கோடிட்ட இடத்தை நிரப்பு என்று இதுவரை வந்ததில்லை. இன்னொரு வேடிக்கை: மாநில மொழி தெரியுமா என்றும் ஒரு சோதனை உண்டு. பள்ளியில் தமிழ் படித்திருந்தால் அதுவும் வேண்டாம். மற்றவர்கள் தேறினால் போதும், தரவரிசைக்குச் சேராது. தினமும் பேசுகிற மொழிக்குத் தேர்ச்சி, எப்போதாவது படிக்கிற மொழிக்குப் போட்டி.

வெளிநாட்டுக்குப் போக எழுதுகிற ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். வாசிப்புக்கு ஒரு மணி நேரம், 40 கேள்வி. தப்புக்கு வெட்டு கிடையாது. எழுதச் சொல்கிறான், 11-லிருந்து 14 நிமிடம் ஆளை உட்காரவைத்துப் பேசச் சொல்கிறான். பாஸ், ஃபெயில் இல்லை, 9 வரை ஒரு பேண்ட் தருகிறான். அதுவும் புனிதமானதல்ல. கட்டணம் 17,000 ரூபாயைத் தாண்டிவிட்டது, நம் தெருவில் எத்தனை வீட்டில் அது இருக்கிறது? ஆனால் ஒருவரின் மொழியை அளக்க வேண்டுமென்றால் அவர் வாய் திறக்க வேண்டும், நாலு வரி எழுத வேண்டும் என்றாவது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நம் வங்கித் தேர்வில் ஒரு சொல் பேசாமல், ஒரு வரி எழுதாமல் ‘ஆங்கிலத் திறன்’ நிரூபணமாகிவிடுகிறது.

இதைச் சொன்னதும் தமிழ்ப் பற்றாளர்கள் சிலர் கை கொடுக்க வருவார்கள். வேண்டாம். ஆங்கிலத்தை விரட்டச் சொல்லவில்லை. அண்ணல் நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துவந்த மொழி அது. உத்தரப்பிரதேசத்தில் பாங்கா கிராமத்துத் தலித்துகள் 2010-இல் ஆங்கில தேவிக்குக் கோயிலே எழுப்பத் தொடங்கினார்கள். நமக்கு ஆங்கிலம் வேண்டும். அதை வாசலில் காவல்காரனாக நிறுத்துவதுதான் வேண்டாம்.

தேர்வு என்றாலே நியாயம் என்று நம் முன்னோர் நம்பியதில்லை. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டுமென்று காங்கிரஸ்காரர்கள் கேட்டபோது, அதை எதிர்த்து 1893-இல் கூட்டம் போட்டுக் கையெழுத்து வாங்கி இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியவர் இரட்டைமலை சீனிவாசன். இங்கே தேர்வு வைத்தால் சாதி இந்துக்களே வந்து நம் தலைமேல் உட்காருவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தகுதிக் கோடு எங்கே கிழிக்கப்படும் என்பது கிழிப்பவர் கையில் இருக்கிறது. 2019-இல் ஸ்டேட் வங்கி கிளார்க் முதல்நிலைத் தேர்வில் தமிழ்நாட்டுக்கான கட்ஆஃப் பட்டியல் சாதிக்கு 61.25, ‘பொருளாதாரத்தில் நலிந்த’ உயர்சாதிக்கு 28.5. அப்போது தரத்தைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

கேட்க வேண்டியது இரண்டு. கிளார்க் தேர்வில் ஆங்கிலத்தை, முன்கூட்டியே அறிவித்த ஒரு மதிப்பெண்ணோடு, வெறும் தேர்ச்சிப் பகுதியாக்கு. வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் வெளியிடு. நடக்குமா என்று மாணவத் தோழர்கள் கேட்கிறீர்கள். 2021 ஜூலையில் இதே கிளார்க் தேர்வு அறிவிப்பு இங்கிலீஷ், இந்தியில் மட்டும் என்று வந்தது. கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது, நிதி அமைச்சகம் தேர்வையே நிறுத்தி வைத்தது. செப்டம்பர் 30 அன்று தமிழ் உள்பட 13 மாநில மொழிகளிலும் நடத்தலாம் என்று அறிவித்தது. கணக்குக் கேள்வியை நம் பிள்ளைகள் இன்று தமிழில் படிப்பது அப்படி வந்ததுதான். ஆங்கிலப் பகுதியின் கணக்கை அன்று யாரும் கேட்கவில்லை.