மேடையில் ஒரு சிறைச்சாலை

 

"நாடகம் போட்டால் சிறைக்கதவு திறந்துவிடுமா?" என்று நம் பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நாடகம், கூத்து என்றாலே முகம் சுளித்தவர்களில் நானும் ஒருவன். தென்னாப்பிரிக்காவில் நடந்ததை அறிந்த பிறகு யோசிக்கத் தொடங்கினேன்.

அங்கே நிறவெறி அரசு 1959-ல் கொண்டுவந்த சிறைச் சட்டத்தால், சிறைக்குள் நடக்கும் கொடுமையை எழுதுவதே ஆபத்தாயிற்று. நெல்சன் மண்டேலா அடைபட்டிருந்த ராபன் தீவைப் பற்றி ஊர் வாய் திறக்க அஞ்சியது. அந்தக் காலத்தில், 1973-ல், கேப்டவுன் நகரில் 'தீவு' என்ற நாடகம் அரங்கேறியது. ஜான் கானி, வின்ஸ்டன் நிட்ஷோனா என்ற இரு கறுப்பின நடிகர்களும் ஆதோல் ஃபுகார்ட் என்ற வெள்ளையரும் சேர்ந்து உருவாக்கியது அது. தீவு என்று வெளிப்படையாகச் சொல்ல முடியாமல் முதலில் வேறு பெயரில் நடத்தினார்கள்!

மேடையில் இரண்டே கைதிகள். ஒருவன் மணலைத் தோண்டி வண்டியில் தள்ளிக்கொண்டு போய் மற்றவன் தோண்டிய குழியில் கொட்டுகிறான். அவனும் அதையே செய்கிறான். வசனம் இல்லை; வேலைக்கு முடிவும் இல்லை. பார்த்தவர்களுக்கு அடக்குமுறை என்றால் என்னவென்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்குமா?

கவனியுங்கள்! கொடுமைக்காரக் காவலன் மேடைக்கு வரவே இல்லை. கைதிகளை மாவீரர்களாகவும் காட்டவில்லை. ஒருவனுக்குத் தண்டனை குறைந்து விடுதலை நெருங்குகிறது. ஆயுள் கைதியான மற்றவன் பொறாமையில் வெந்து போகிறான். இந்த உண்மைதான் நெஞ்சைத் தொட்டது.

இதற்கு விலையும் கொடுத்தார்கள். 1976-ல் டிரான்ஸ்கேயில் வேறொரு நாடகம் நடத்தியபோது கானியும் நிட்ஷோனாவும் கைது செய்யப்பட்டனர். உலகெங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகே விடுவிக்கப்பட்டனர். வெறும் பொழுதுபோக்குக்கு எந்த அரசாவது அஞ்சுமா? மண்டேலா வெளியே வந்தது 1990-ல்தான். நாடகம் பூட்டை உடைக்கவில்லை. பூட்டுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை மறக்கவிடாமல் செய்தது.

நம் நாட்டுச் சிறைகளில் 2022-ன் அரசுக் கணக்குப்படி நான்கில் மூன்று பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். அவர்களில் எல்லாச் சமூகத்தாரும் உண்டு.

இளைஞர்களே! இதை மேடையேற்ற விரும்பினால் ஆவேச முழக்கத்தை ஒதுக்கி வையுங்கள். சிறை வாசலில் காத்து நிற்கும் தாயிடம் போய்க் கேளுங்கள். கேட்டதை மட்டும் சொல்லுங்கள். ஒரு பொய் கலந்தாலும் ஒன்பது உண்மை செத்துவிடும்.

வணிகர்களே! உங்கள் கடைக்கு எதிரே இருந்த பையன் உள்ளே போனதும் அவன் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்தினோமே, அந்தக் காட்சியும் மேடைக்கு வரும். முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் துணிவு நமக்கு இருக்கிறதா?