லேசர்: வரவும் செலவும்

ராத்திரி பன்னிரண்டுக்கு ஒரு தடவை, இரண்டுக்கு ஒரு தடவை, நாலுக்கு ஒரு தடவை பாத்ரூம் கதவு கிறீச்சிடுகிறதா? பயப்படாதீர்கள். திருடன் இல்லை, உங்க அப்பாதான்.

கேட்டுப் பாருங்கள். "ராத்திரி தண்ணி ஜாஸ்தி குடிச்சிட்டேன்டா" என்பார். புராஸ்டேட் என்ற வார்த்தை மட்டும் வாயில் வராது. மகனிடம் பேசக்கூடிய உறுப்புகளின் பட்டியலில் அது இல்லை.

மூத்திரப் பைக்குக் கீழே, குழாயைச் சுற்றி மோதிரம் மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி அது. வாலிபத்தில் சுமார் 20 கிராம். ஐம்பதைத் தாண்டினால், நம் தொப்பை மாதிரி யாரையும் கேட்காமல் வளரும். இந்த வீக்கம் கேன்சர் அல்ல. ஆனால் குழாய் நெரிபடும். முதலில் மாத்திரை. அது போதாவிட்டால் ஆபரேஷன். உடனே நாம் கேட்பது, "லேசர்தானே டாக்டர்?"

லேசர் என்றால் வெளியிலிருந்து டார்ச் அடிப்பது என்று நினைக்கிற ஆசாமிகள் உண்டு. கிடையாது சார். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப் போனபின், மூத்திரம் வருகிற வழியிலேயே கருவியை உள்ளே விடுகிறார்கள். பச்சை லேசர் சதையை ஆவியாக்கிவிடும். ஹோல்மியம் லேசரோ ஆரஞ்சுத் தோலை விட்டுவிட்டுச் சுளையை மட்டும் உரித்தெடுக்கிற ஜாதி. 1990களில் நியூஸிலாந்தின் டௌரங்காவில் பீட்டர் கில்லிங் குழுவினர் உருவாக்கிய முறை. உரித்த சதையைப் பைக்குள் தள்ளி, அரைத்து உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள்.

பலன் எப்படி? பி.காம். படித்தவனுக்கு எதையும் இரண்டு பத்தியாகப் பிரித்தால்தான் புரியும்.

வரவு: நின்று நின்று சொட்டியது தாராளமாக வரும். ரத்தச் சேதம் குறைவு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற இதய நோயாளிகளுக்கு இது பெரிய விஷயம். டியூபைப் பெரும்பாலும் ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள். முன்பு வயிற்றைக் கிழித்து எடுத்த பெரிய புராஸ்டேட்டுகளுக்கும் ஹோல்மியம் போதும். ஆனால் கரண்ட் கம்பியால் சுரண்டும் பழைய முறையை மட்டமாக நினைக்க வேண்டாம். 2014ல் வெளியான ஐரோப்பிய ஒப்பீட்டில், மூத்திரம் போகிற விஷயத்தில் பச்சை லேசரும் அதுவும் ஏறக்குறைய சமம்தான். டியூபும் ஆஸ்பத்திரி வாசமும் சீக்கிரம் முடிந்ததே லேசரின் லாபம்.

செலவு: சில வாரங்களுக்கு எரிச்சல், அவசரம். ஹோல்மியத்துக்குப் பிறகு சிலருக்கு இருமினால், தும்மினால் கசியும். பெரும்பாலும் சில மாதங்களில் நின்றுவிடும். அடுத்தது, யாரும் வாய்விட்டுக் கேட்காத ஐட்டம். விந்து வெளியே வராமல் பின்பக்கமாக மூத்திரப் பைக்குள் போய்விடும். ஹோல்மியத்தில் நாலு பேரில் சுமார் மூன்று பேருக்கு இப்படி. சுரண்டும் முறையிலும் பெரும்பாலோருக்கு இதே கதைதான். ஆபத்தில்லை, ஆண்மையும் பொதுவாகப் போவதில்லை. ஆனால் ஆபரேஷனுக்கு முன்பே தெரிந்தவருக்கு அது தகவல். பின்னால் தெரிந்துகொள்பவருக்கு அதிர்ச்சி. அறுபது வயசுக்காரருக்கு இதெல்லாம் எதுக்கு என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். டாக்டர் இதை விளக்கும்போது நீங்கள் கொஞ்சம் காபி சாப்பிடப் போய்விடுவது உத்தமம். அப்பா சங்கடப்படாமல் கேட்பார்.

இன்னொன்று. தோல் பகுதி உள்ளேயே இருப்பதால், பின்னால் அதில் கேன்சர் வர வாய்ப்புண்டு. டாக்டர் சொல்கிற பரிசோதனைகளை விடக் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம், தாமதம். வருஷக்கணக்கில் முக்கி முக்கித் தளர்ந்துபோன மூத்திரப் பையை எந்த லேசராலும் வாலிபமாக்க முடியாது. அடைப்பு முற்றினால் கிட்னியும் கெடும்.

அப்பாவைப் பேச வைப்பது எப்படி? பேசவே வேண்டாம். 1992ல் அமெரிக்க யூராலஜி சங்கம் தயாரித்த ஒரு கேள்வித்தாளை இன்றும் உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். ஏழு கேள்வி, மொத்தம் 35 மார்க். இந்தப் பரீட்சையில் மார்க் ஏற ஏற ஆபத்து. எட்டைத் தொட்டால் கவனிக்க வேண்டும். இருபது என்றால் கடுமை. டாக்டரிடம் வாங்கி, பேனாவோடு கொடுங்கள். வாயால் சொல்லாதவர், ஆயுசு பூரா பாரம் நிரப்பியவர், இதையும் நிரப்பிவிடுவார்.

கடைசியில் ஒரு உபரிக் கேள்வி உண்டு. மீதி வாழ்நாள் முழுக்க இப்படியே இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அதன் மார்க் அந்த 35ல் சேராது. ஆனால் ஆபரேஷன் வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பல சமயம் தீர்மானிப்பது அந்தப் பதில்தான்.